ஆழ்கடல் அழுத்தமும் சிங்கி இறாலின் காலும்: ஒரு கேள்வியின் வரலாறு



முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். படிவம் நான்கு வகுப்பில் ஆழ்கடலைப் பற்றிய ஒரு கருத்துணர்தல் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன், "நம்ம குக்குப்ல கிடைக்கிற நண்டை நாலாயிரம் மீட்டர் ஆழத்துல விட்டா என்ன ஆகும் டீச்சர்?" என்று கேட்டான். "என்ன ஆகும், நசுங்கிப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவனே வந்தான். "டீச்சர், நண்டுக்குள்ள இருக்கிறதும் பெரும்பாலும் தண்ணிதானே? தண்ணிய அமுக்கினா சுருங்காதுன்னு அறிவியல்ல படிச்சோமே. அப்புறம் எப்படி நசுங்கும்?"

என்னிடம் பதில் இல்லை. "பார்த்துச் சொல்றேன்" என்றேன். அப்படிப் பார்க்கப் போய்க் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. அவன் சொன்னதுதான் சரி. நண்டு நசுங்காது. ஆனால் அதன் நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுகளின் கதையைப் பார்ப்போம், வாருங்கள்.

1. அழுத்தம் என்றால் எவ்வளவு?

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்று 1 வளிமண்டல அழுத்தத்தில் நம் மீது அமர்ந்திருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடும். கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கை ஏட்டில் எழுதும் முன்பே உடம்பால் அறிந்தவர்கள் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்கள். தூத்துக்குடிக் கடலிலும் மன்னார்க் கடலிலும் முத்துச்சிப்பி படுகைகளைப் 'பார்' என்பார்கள். அந்தப் பார்கள் பலவும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கல்லைக் காலில் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். 20 மீட்டரில் அவர்கள் மீதிருந்த மொத்த அழுத்தம் 3 வளிமண்டலம். நுரையீரலில் இருந்த காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுருங்கியது காற்றுதான், தசையோ இரத்தமோ அல்ல. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. 4,000 மீட்டர் ஆழத்தில் 400 வளிமண்டல அழுத்தத்தில்கூடக் கடல்நீர் 100க்கு 2 பங்கு அளவுதான் சுருங்குகிறது. நண்டின் உடலில் நுரையீரல் போன்ற காற்றுப் பை கிடையாது. எனவே அது நசுங்குவதற்கு வழியில்லை. என் மாணவன் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

2. ஆழத்தில் உயிர் உண்டா?

அறிஞர்களே ஒரு காலத்தில் என்னைப் போலத்தான் நினைத்தார்கள். 1843இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர், சுமார் 300 பாகம், அதாவது ஏறக்குறைய 550 மீட்டருக்குக் கீழே உயிரினம் இருக்காது என்ற கருத்தை முன்வைத்தார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் அந்தக் கருத்தை உடைத்தது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து அதன் வலைகள் உயிரினங்களை அள்ளிக்கொண்டு வந்தன.

நம் பக்கத்துக் கடலிலும் இந்த வேலை நடந்தது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற இந்திய ஆய்வுக் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றியவர் ஆல்ஃபிரட் ஆல்காக். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் அந்தக் கப்பல் ஆழ்கடலை வாரியது. இந்தியக் கடல்களின் ஆழ்கடல் இறால், நண்டு வகைகளைப் பட்டியலிட்டு அவர் எழுதிய நூல் 1901இல் வந்தது. அவர் பின்னாளில் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்தார்.

ஜொகூர் மாணவர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018இல் சிங்கப்பூர், இந்தோனேசிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஜாவாவின் தென்கடலில் 14 நாள் ஆழ்கடல் ஆய்வு நடத்தினார்கள். அதில் கிடைத்த ராட்சதக் கடல் மரவட்டை போன்ற ஓட்டுடலி ஒன்றுக்கு 2020இல் 'பாத்தினோமஸ் ரக்சாசா' என்று பெயரிட்டார்கள். 'ரக்சாசா' நமக்குத் தெரிந்த 'ராட்சசன்'தான்! நம் மலாய்மொழியிலும் இந்தச் சொல் புழங்குகிறது.

ஆக, ஆழத்தில் ஓட்டுடலிகள் நிறையவே வாழ்கின்றன. கேள்வி இப்போது மாறுகிறது. அவை வாழ முடிகிற அழுத்தத்தில் கரையோர நண்டு ஏன் வாழ முடிவதில்லை?

3. பிரான்சில் ஓர் அழுத்தக் கலம்

இந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் பால் ரெனார் என்ற பிரெஞ்சு உடலியலாளர். 1883இல் 'தாலிஸ்மான்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் ஆழ்கடல் பயணம் அவருடைய ஆர்வத்தைத் தூண்டியது. உயர் அழுத்த எக்கியைத் தடித்த உலோகக் கலத்தோடு பொருத்தி, கரையோர உயிரினங்களை நீரோடு அதற்குள் வைத்து அழுத்தினார். பிற்பாடு பார்வைச் சாளரமும் பொருத்திக்கொண்டார்.

அவர் கண்டது என்ன? விலங்குகள் நசுங்கவில்லை. முதலில் அமைதியிழந்து பரபரத்தன. அழுத்தம் சில நூறு வளிமண்டலத்தை எட்டியபோது சோர்ந்து, அசைவற்றுக் கிடந்தன. அதிக நேரம் ஆகாமல் அழுத்தத்தைத் தளர்த்தினால் சில மறுபடியும் நடமாடத் தொடங்கின. 1891இல் வெளிவந்த தம் நூலில் நீர்வாழ் உயிர்களைப் பற்றிய தம் ஆய்வுகளைத் தொகுத்தார்.

செத்த பிராணி மறுபடி எழுந்து நடக்காது இல்லையா? அப்படியானால் அழுத்தம் உடலை உடைக்கவில்லை. ஏதோ ஒரு செயலை நிறுத்திவைத்தது. எந்தச் செயலை? ரெனாரின் காலத்தில் அதை அளக்கும் கருவி இல்லை. கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

4. முக்குளிப்போரின் கை நடுக்கம்

அடுத்த திருப்பம் மனிதர்கள் வழியாக வந்தது. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு 30, 40 மீட்டருக்குக் கீழே போனால் நைட்ரஜன் மயக்கம் தரும். அதனால் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியத்தைக் கலந்தார்கள். மயக்கம் போனது. ஆனால் 1960களில் புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது. சுமார் 150 மீட்டரைத் தாண்டியதும் முக்குளிப்போரின் கைகள் நடுங்கின. தலைசுற்றல், குமட்டல் வந்தன. பிரிட்டிஷ் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பீட்டர் பென்னெட் 1965இல் இதைப் பதிவு செய்தார். 'ஹீலியம் நடுக்கம்' என்றே முதலில் பெயர். 1968இல் பிரான்சின் மார்செய் நகரில் 360 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் இருவர் கலத்துக்குள் இருந்தபோது நடுக்கத்தோடு மூளை மின்னலைகளும் மாறின. சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

குற்றவாளி ஹீலியமா, அழுத்தமா? இங்கேதான் ஓட்டுடலிகள் சாட்சி சொல்ல வந்தன. வாயு எதுவும் கலக்காமல், வெறும் நீரில் வைத்து அழுத்தியபோதும் இறால் இனத்தைச் சேர்ந்த சிறு உயிர்கள் துடித்தன. ஹீலியம் இல்லாமலேயே துடிப்பு வருகிறது என்றால் காரணம் அழுத்தம்தான். இன்று இந்த நோய்க்குறிக்கு 'உயர் அழுத்த நரம்பு நோய்க்குறித் தொகுப்பு' என்று பெயர்.

5. ஏன் சிங்கி இறால்?

நரம்புக்கும் தசைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதுதான் நரம்புத்தசைச் சந்திப்பு. நரம்பில் ஓடிவரும் மின்குறிப்பு பெரும்பாலும் அந்த இடைவெளியை நேரடியாகத் தாண்டுவதில்லை. படிப்படியாக நடப்பதைப் பாருங்கள்:

முதலில், குறிப்பு நரம்பு நுனிக்கு வருகிறது. அங்கே கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. அதனால் நுண்பைகள் உடைந்து ஒரு வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அந்தப் பொருள் இடைவெளியைக் கடந்து தசையைத் தொடுகிறது. தசை சுருங்குகிறது.

வேதிப்பொருள் சிப்பம் சிப்பமாகத்தான் வெளியேறுகிறது என்பதை 1950களில் லண்டனில் பெர்னார்ட் கட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் தவளைத் தசையில் நிறுவினார்கள். அதே கட்ஸ், பால் ஃபாட் என்பவரோடு சேர்ந்து 1953இல் ஓட்டுடலிகளின் தசை இழைகளையும் ஆராய்ந்தார். கட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓட்டுடலியின் காலில் ஆய்வாளருக்கு இரண்டு வசதிகள். ஒன்று, நம் தசை ஒன்றை இயக்கப் பல நரம்பிழைகள் வேண்டும். சிங்கி இறாலின் கால் தசை ஒன்றை ஒன்றிரண்டு நரம்பிழைகளே இயக்குகின்றன. எந்த இழை பேசுகிறது என்ற குழப்பம் இல்லை. இரண்டாவது வசதிதான் முக்கியம். நம் கைகால் தசைக்கு நரம்பு அனுப்பும் பொருள் அசிட்டைல்கோலின். ஓட்டுடலியில் தசையைத் தூண்டும் பொருள் குளூட்டமேட். தசையைத் தளர்த்தும் தடுப்பு நரம்பு அனுப்புவது 'காபா' என்ற பொருள். நம் மூளைக்குள் தூண்டுவதும் முக்கியமாகக் குளூட்டமேட்தான், தடுப்பதும் முக்கியமாகக் காபாதான்! அதனால் சிங்கி இறாலின் கால், நம் மூளையின் சந்திப்புகளுக்கு ஓர் எளிய மாதிரி ஆகிவிடுகிறது. நடுங்குவது மனிதனின் கை. விடை தேடியது இறாலின் காலில்.

6. கால்சியம் நுழையும் வாசல்

1975இல் ராபர்ட் கேம்பெனாட் என்ற ஆய்வாளர், உயர் அழுத்தம் ஓட்டுடலிகளின் நரம்புத்தசைச் சந்திப்பை எப்படிப் பாதிக்கிறது என்று நேரடியாக அளந்து வெளியிட்டார். அழுத்தம் கூடியபோது சிங்கி இறாலின் தசையில் எழும் மின் எதிர்வினை குறைந்தது. ரெனார் விட்ட கேள்விக்கு முதல் நேரடித் தடயம் கிடைத்துவிட்டது: தடை ஏற்படும் முக்கிய இடம் சந்திப்பு.

ஆனால் சந்திப்பில் எந்தப் பக்கம்? நரம்பு குறைவாகக் கொட்டுகிறதா, தசை குறைவாக ஏற்கிறதா? 1990இல் யோரம் கிராஸ்மனும் ஜோன் கெண்டிக்கும் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. சிப்பத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் வெளியேறும் சிப்பங்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. ஆகவே கோளாறு நரம்பின் பக்கம். அடுத்து, வெளித்திரவத்தில் கால்சியத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். அழுத்தம் ஏற்படுத்திய குறை ஈடாகியது. அதாவது, அழுத்தத்தில் கால்சியம் நரம்பு நுனிக்குள் போதுமான அளவு நுழைவதில்லை என்பதற்கு அது வலுவான சான்று.

அழுத்தத்துக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்? வேதியியலில் ஒரு பொதுவிதி உண்டு: எந்த மாற்றம் நடக்கக் கூடுதல் இடம் தேவையோ, அந்த மாற்றத்தை அழுத்தம் தடுக்கும். காலை ஆறு மணிக்குக் காஸ்வே பஸ்ஸில் போனவர்களுக்கு இது புரியும். பஸ் நசுங்குவதில்லை, ஆட்களும் நசுங்குவதில்லை. ஆனால் உள்பக்கம் மடிந்து திறக்கும் கதவுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் கதவு தாமதமாகத் திறக்கும், அல்லது பாதிதான் திறக்கும். நரம்பு நுனியிலுள்ள புரத வாசல்களும் திறக்கும்போது வடிவம் மாறுகின்றன. அழுத்தம் அந்த வடிவ மாற்றத்துக்குத்தான் குறுக்கே நிற்கிறது.

இந்த முடிவு இறாலோடு நிற்கவில்லை. 2000இல் கிராஸ்மன் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து, பாலூட்டியின் சிறுமூளைச் சந்திப்பிலும் அழுத்தம் கால்சியம் வாசல்களை அடக்குவதைக் காட்டினார். இறாலின் காலில் கிடைத்த விடை மூளைக்கும் பொருந்தியது.

7. ஒரு முரண்: குறிப்பு குறைந்தால் நடுக்கம் ஏன்?

மாணவர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தடுத்துக் கேட்க வேண்டும். சந்திப்பில் குறிப்பு குறைந்தால் உடல் தளர வேண்டும்தானே? ஏன் நடுங்குகிறது, ஏன் துடிக்கிறது?

நல்ல கேள்விதான். நரம்பு மண்டலத்தில் தூண்டும் சந்திப்பும் உண்டு, தடுக்கும் சந்திப்பும் உண்டு. அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே அளவில் தொடுவதில்லை. தடுப்பு தளர்ந்தால், பிரேக் தேய்ந்த மோட்டார் சைக்கிள் இறக்கத்தில் ஓடுவது போல, எஞ்சியிருக்கும் தூண்டுதலே மிகையாகிவிடும். அதோடு, மூளையின் குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகை உயர் அழுத்தத்தில் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தைக் கடத்துவதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. ரெனார் பார்த்த 'முதலில் பரபரப்பு, பிறகு செயலின்மை' என்ற வரிசையை இந்தச் சமநிலைக் குலைவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

இந்த அறிவு மனித உயிரைக் காக்கும் வேலையோடு சேர்ந்தே வளர்ந்தது. 1950இல் மதுசாரத்தில் மயங்கிய தவளைக் குஞ்சுகள் உயர் அழுத்தத்தில் தெளிந்து நீந்தியதை ஜான்சனும் ஃபிளாக்லரும் காட்டியிருந்தார்கள். மயக்கமும் அழுத்தமும் எதிரெதிராக இழுக்கின்றன! அதைத் திருப்பிப் போட்டு, ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவில் மயக்கம் தரும் வாயுவைச் சிறிது கலந்து நடுக்கத்தைக் குறைத்தார்கள். 1992இல் பிரான்சில் தியோ மவ்ரோஸ்டோமோஸ், ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்து, அழுத்தக் கலத்தில் 701 மீட்டருக்கு ஈடான அழுத்தத்தை எட்டினார்.

8. அப்படியானால் ஆழ்கடல் இறால் எப்படி வாழ்கிறது?

அதன் புரதங்கள் அந்த அழுத்தத்துக்கேற்ப அமைந்தவை. இன்னொரு துணையும் உண்டு. மீன் சந்தையில் வரும் கவிச்சி வாடை உங்களுக்குத் தெரியும். அதற்கு முக்கியக் காரணம் 'டிரைமெத்தில் அமைன்'. பிராணி இறந்த பிறகு, அதன் உடலிலுள்ள 'டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு' சிதைவதால் அது உண்டாகிறது. அந்த மூலப்பொருள் உயிருள்ள உடலில் புரதங்களின் வடிவத்தை அழுத்தத்திலிருந்து காக்கிறது. ஆழம் கூடக் கூட மீன்களிலும் இறால்களிலும் அதன் அளவும் கூடுகிறது என்று பால் யான்சியும் அவருடைய குழுவும் காட்டினார்கள். ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில்கூட இறாலைப் போன்ற சிறு ஓட்டுடலிகள் ஓடித் திரிகின்றன.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். தடித்த டைட்டானியம் கோளத்துக்குள், கடல்மட்ட அழுத்தத்தையும் கூடவே எடுத்துக்கொண்டுதான் அவர்கள் இறங்க முடியும். சாளரத்துக்கு வெளியே ஓர் இறால் 600 வளிமண்டல அழுத்தத்தில் எந்தக் கவசமும் இல்லாமல் நீந்திப் போகும்.

நிறைவாக

இதையெல்லாம் படித்த பிறகு வகுப்பில் அந்த மாணவனிடம், "நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். வகுப்பே கைதட்டியது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் அந்த வகுப்பு கேட்ட கேள்விகளைப் போல முன்பு கேட்டதில்லை. பாடநூல் விடையை நாம் அவசரமாகச் சொல்லி மூடிவிடும் கேள்விகளில் இதுபோல் எத்தனை கிடக்கின்றனவோ! ஆசிரியர் நண்பர்களே, தெரியாத இடத்தில் "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காலவரிசை (மாணவர்களுக்கு)

1843 – ஆழத்தில் உயிரில்லை என்ற ஃபோர்ப்ஸின் கருத்து
1872–1876 – சேலஞ்சர் பயணம்
1891 – ரெனாரின் நூல்
1901 – இந்திய ஆழ்கடல் ஓட்டுடலிகள் பற்றிய ஆல்காக்கின் நூல்
1953 – ஓட்டுடலித் தசை பற்றி ஃபாட், கட்ஸ்
1965 – முக்குளிப்போரின் நடுக்கம் பற்றிப் பென்னெட்
1975 – அழுத்தத்தில் ஓட்டுடலிச் சந்திப்பை அளந்த கேம்பெனாட்
1990 – கால்சியம் நுழைவு குறைவதற்கான சான்று
1992 – 701 மீட்டருக்கு ஈடான அழுத்தத்தில் மனிதன்

கலைச்சொற்கள்

ஓட்டுடலி – இறால், நண்டு, சிங்கி இறால் போன்ற ஓடுடைய கணுக்காலி
நரம்புத்தசைச் சந்திப்பு – நரம்பு நுனி தசையைச் சந்திக்கும் இடம்
நுண்பை – வேதிப்பொருளைச் சிப்பமாக வைத்திருக்கும் சிறு பை
ஏற்பி – வந்த வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்

பயிற்சி வினாக்கள்

1. கரையோர நண்டு ஆழ்கடலில் நசுங்காது என்பதற்குக் காரணம் என்ன?
2. 'ஹீலியம் நடுக்கம்' என்ற பெயர் பொருந்தாது என்று எப்படித் தெரிந்தது?
3. கோளாறு தசையின் பக்கம் இல்லை, நரம்பின் பக்கம் என்பதை 1990 ஆய்வு எவ்வாறு காட்டியது?
4. காஸ்வே பஸ் உவமை எந்த அறிவியல் கருத்தை விளக்குகிறது? அதற்கு ஈடாக உங்கள் அனுபவத்திலிருந்து ஓர் உவமை எழுதுக.